கப்பலுக்குத் தோண்டிய கிணறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது என் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது எனக்கு மரியாதை. எண்பத்துநான்காம் ஆண்டு, ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வரப்போகும் கப்பல்கள் எல்லாம் என் மனைவியின் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கப்போகின்றன என்று நான் நம்பினேன். லேசாக நம்பவில்லை. எந்தப் பக்கத்தால் குழாய் போகும், மாலுமிகள் வரிசையில் நிற்க எந்த வேம்பு நிழல் தரும், அவர்களோடு எந்தப் பாஷையில் கதைப்பது என்பதுவரை நம்பினேன். பாஷை விஷயத்தில் எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கிரேக்கக் கப்பல்காரனுக்கு அது விளங்குமா என்பது மட்டும்தான் மிச்சமிருந்த சந்தேகம்.

'என் மனைவியின் கிணறு' என்பது பணிவுக்காகச் சொல்வதல்ல. காணி உறுதிப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. வீடும் வளவும் கிணறும் அவளுக்குச் சீதனமாக வந்தவை. நான் அந்த வளவுக்குள் பிற்பாடு வந்து சேர்ந்தவன், மாமரத்துக்கும் பிற்பாடு. எங்கள் ஒழுங்கைச் சந்தில் எல்லா வீட்டிலும் கிணறு உண்டு. குளிக்கலாம், தோய்க்கலாம், தென்னைக்கு விடலாம். குடிக்கலாம் என்று சொல்லத்தக்கவை இரண்டே இரண்டு. ஒன்று எங்களுடையது. மற்றது எங்கள் வாசல் படலைக்கு நேரெதிரே இருந்த அண்ணையுடையது. எங்கள் தண்ணீர் கொஞ்சம் கூட இனிப்பு என்பது என் மனைவியின் கட்சி. காலையும் பின்னேரமும் ஒழுங்கைப் பெண்கள் குடத்தோடு வருவார்கள். கிணற்றடியில் அவள் நிற்கும் நிலையைப் பார்த்தால் தண்ணீர் கொடுப்பவள்போல் இருக்காது, பரிசளிப்பு விழாவில் கிண்ணம் வழங்குபவள்போல் இருக்கும்.

நான் அதுவரை இரத்தினபுரிப் பக்கம் ஒரு சின்னப் பட்டினத்தில் இருபது வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்து போனது. ஒரு பயணப் பையோடும் கடைத் திறப்புக் கோர்வையோடும் ஊருக்கு வந்து சேர்ந்தேன். திறப்புகள் எதற்கு என்று மனைவி கேட்டாள். பூட்டு எரிந்தாலும் திறப்பு என்னிடம்தானே இருக்கிறது என்று சொன்னேன். அவள் சிரித்தாள். அந்த மாதம் அந்த வீட்டில் யாரும் சிரித்தது அதுதான் முதல்.

தெற்கிலே எந்தப் பட்டினத்தில் எங்கள் தீவு ஆட்கள் கடை வைத்திருக்கவில்லை? எல்லாரும் ஒரே வருடத்தில் திரும்பி வந்தோம். எங்களுக்குத் தெரிந்தது ஒரு தொழில். ஆகவே எல்லாரும் கடை போட்டோம். இறங்குதுறைக்குப் போகும் தெருவில் ஒரே சவர்க்காரம், ஒரே தீப்பெட்டி, ஒரே சீனி போத்தல் போத்தலாக அடுக்கிவைத்த கடைகள் வரிசையாக முளைத்தன. வாங்குவதற்கு ஆள் வேண்டுமே? கடைக்காரர்கள்தான். நான் தீப்பெட்டி முடிந்தால் எதிர்க்கடையில் வாங்குவேன், எதிர்க்கடை அண்ணை சவர்க்காரம் முடிந்தால் என்னிடம் வாங்குவார். அவர் மாத்தறைப் பக்கம் கடை வைத்திருந்தவர். வீடும் எனக்கு எதிரே, கடையும் எனக்கு எதிரே. நான் ஒரு சாமானைப் புதிதாகத் தொங்கவிட்டால் பொழுதுபடுமுன் அது அவர் கடையிலும் தொங்கும். அவர் தராசைத் துடைத்தால் நானும் துடைப்பேன். இதில் பகை எதுவும் இல்லை. நாங்கள் வியாபாரம் பழகியதே அப்படித்தான்: அடுத்தவன் என்ன செய்கிறான் என்று பார், அவனுக்கு முந்திச் செய்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் ஜீப் வந்தது.

ஜீப்பிலிருந்து காற்சட்டைக்காரர்கள் நாலு பேர் இறங்கினார்கள். மூன்று காலில் நிற்கும் கண்ணாடி ஒன்றை இறங்குதுறையில் நட்டார்கள். சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்புகளைப் பிடித்துக்கொண்டு இருவர் அங்குமிங்கும் ஓடினார்கள். அடுத்த நாள் ஒரு வள்ளத்தை வாடகைக்குப் பிடித்து, கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலுக்குள் விட்டு விட்டு ஆழம் பார்த்தார்கள். மூன்றாம் நாள் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவரும் அவர்களிடம் என்ன வேலை என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்? எங்களுக்குத்தான் தெரியுமே. கடலின் ஆழத்தை அளப்பது கப்பல் விடுவதற்கு. ஒரு காலத்தில் பாய்க்கப்பல்கள் வந்து நின்ற துறை, பழைய பண்டகசாலைச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன, திரும்பவும் துறைமுகம் வரப்போகிறது. எங்களுக்கு வியாபாரம் பார்க்கத் தெற்கே போகவேண்டியதில்லை, தெற்கு எங்களிடம் வரும். அந்தக் கிழமை தெருவில் நடந்த ஆட்களின் நடையே மாறிவிட்டது.

சனசமூக நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எல்லாருக்கும் மாஸ்டர். துறைமுகப் பட்டினத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும், எது முதல், எது இரண்டாவது என்று ஒழுங்குபடுத்தி எழுதினால்தான் மதிப்பு என்றார். கரும்பலகையில் 'முன்னுரிமைகள்' என்று எழுதி, கீழே ஒன்று என்று இலக்கம் போட்டார். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கிய கூட்டம் ஐந்தரைக்கும் அந்த ஒன்றைத் தாண்டவில்லை.

"ஐஸ் பக்டரி" என்றார் மீன் வியாபாரம் செய்பவர் ஒருவர். "மீன் பழுதாகப் போகுது, நீங்கள் கப்பல் பாக்கிறியள்."

"ரெலிபோன்" என்றார் இன்னொருவர். "என்ர மூத்தவன் ஜேர்மனியில இருந்து எடுக்கிறான் எண்டால் நான் யாழ்ப்பாணம் போய்க் காத்து நிக்கவேண்டிக் கிடக்கு."

"வங்கி" என்றார் எதிர்க்கடை அண்ணை.

"ரெண்டு வங்கி" என்றேன் நான். ஏன் இரண்டு என்று எனக்கே தெரியாது. அவர் ஒன்று சொன்னபடியால்தான்.

"தியேட்டர் ஒண்டு இல்லாத துறைமுகத்தை நான் எங்கயும் கண்டதில்லை" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீ எத்தினை துறைமுகம் கண்டனி?"

"ஒண்டும் காணயில்லை. அதுதான் சொல்லுறன்."

அப்போதுதான் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றா. கூட்டத்துக்கு வந்தவ அல்ல, புருஷனைத் தேடி வந்தவ. வாய் சும்மா இருக்காது. பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, "மெய்யே மாஸ்டர், உந்தப் பட்டியலில தண்ணி எங்க?" என்று கேட்டா.

"பிள்ளை, கப்பல் தண்ணியிலதானே நிக்கும்" என்றார் மாஸ்டர். எல்லாரும் சிரித்தோம்.

"அப்ப கடல் தண்ணியில தேத்தண்ணி போட்டுக் குடியுங்கோ, பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டா.

ஒருவழியாகப் பட்டியல் நிறைந்தபோது தண்ணீர் பதினைந்தாவது இலக்கமாகச் சேர்க்கப்பட்டது. பிறகு பெண்கள் சொன்ன ஒரே விஷயம் கடைசியில் இருப்பது அழகில்லை என்று மாஸ்டர் அதைப் பதினாலுக்கு உயர்த்தினார். தியேட்டர் பதினைந்துக்குப் போனது.

ஆனால் அக்காவின் கேள்வி என் தலைக்குள் புகுந்துவிட்டது. கப்பலில் நூறு பேர் இருப்பான்கள். குடிப்பான்கள், குளிப்பான்கள், சோறு வடிப்பான்கள். சுற்றவரக் கடல், குடிக்க ஒரு மிடறு இல்லை. இந்தத் தீவில் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? என் மனைவியின் வளவில். வீட்டுக்குப் போகும் வழியிலேயே நான் பாதி முதலாளி. படலையைத் திறக்கும்போது முழு முதலாளி.

உள்ளே போகுமுன் சும்மா திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டு அண்ணை தன்னுடைய கிணற்றுக்குள் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்.

ஆழம் பார்க்கிறார்! அக்கா சொன்னது அவருடைய தலைக்குள்ளும் புகுந்துவிட்டது! அன்று முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் இருமினால் கிணறு வெட்ட ஆள் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்கு ஒரு அலவாங்கு, கல் பெயர்க்கும் இரும்புக் கம்பி, வந்தது. அதைத் தென்னம்பிள்ளை நட இரவல் வாங்கினார்களாம். நான் நம்பவில்லை. (கல்லும் கயிறும் என்ன கதை என்று பிறகு தெரிந்தது. அவருடைய மனைவியின் வாளி கயிறறுந்து உள்ளே விழுந்துவிட்டது. அதைத் துழாவிக்கொண்டிருந்தார்.)

எனக்குத் தேவைப்பட்டது ஒன்று: மனைவி வீட்டில் இல்லாத பத்து நாள். அது ஆனியில் வந்தது. நயினாதீவுத் திருவிழாவுக்கு அவள் வருடம் தவறாமல் போய், அங்கே தமக்கை வீட்டில் நின்று, தேரும் தீர்த்தமும் பார்த்துத்தான் வருவாள். பஸ் ஏற்றிவிடும்போது, "கிணத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ, ஆனி மாசம், தண்ணி குறைவு, ஒருத்தரையும் கனக்க அள்ள விடாதையுங்கோ" என்றாள்.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்" என்றேன். அந்தச் சொல்லுக்கு நான் பிறகு மூன்று வருடம் விலை கொடுத்தேன் என்று சொன்னால் மிகை. ஒன்றரை வருடம்.

அடுத்த நாள் வேலணையிலிருந்து கிணறு வெட்டும் அண்ணையைக் கூட்டிவந்தேன். அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு கை அள்ளிக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன குறை? நல்ல தண்ணியாத்தானே கிடக்கு."

"குறை ஒண்டும் இல்லை. இன்னும் ஒரு ஆள் உயரம் கீழ போகவேணும்."

"என்னத்துக்கு?"

"கூடத் தண்ணி வேணும்."

"கூடத் தண்ணி வேணுமெண்டால் அகலத்துக்கு வெட்டுங்கோ. ஆழத்துக்குப் போகாதையுங்கோ. எங்கட தீவில நல்ல தண்ணி மேல மிதக்குது, உப்புத் தண்ணி கீழ படுத்திருக்கு. அதைத் தட்டி எழுப்பக் கூடாது."

இந்த இடத்தில் ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கலாம். நான் இரத்தினபுரிக்காரன். அங்கே மாணிக்கம் தோண்டுகிறவர்கள் குழி வெட்டுவதைவிடத் தண்ணீர் இறைப்பதற்குத்தான் பாடுபடுவார்கள். தோண்டத் தோண்டத் தண்ணீர், அத்தனையும் நல்ல தண்ணீர். இருபது வருடம் அதைக் கண்ணால் பார்த்தவனுக்கு ஒரு தீவான் கிணற்றைப் பற்றிப் பாடம் சொல்வதா? நானே தீவான் என்பது அந்த நேரத்தில் மறந்துபோனது.

"அண்ணை, நான் எத்தினை மாணிக்கக் கிடங்கு வெட்டப் பாத்தனான் தெரியுமோ?"

"எங்க?"

"இரத்தினபுரியில."

"அங்க மேலயும் மழை, கீழயும் மழை" என்றார் அவர். "இஞ்ச கீழ கடல். பேந்து என்னைப் பேசக்கூடாது."

"பேசமாட்டன்."

"உங்கட மனுசி?"

நான் தண்ணீர் இறைக்கும் மிசினுக்கு ஆள் அனுப்பினேன். மிசின் வைத்து இறைத்து, இரண்டு பேர் உள்ளே இறங்கி, அலவாங்கால் சுண்ணாம்புக் கல்லைக் குத்தத் தொடங்கினார்கள். ஒழுங்கை முழுவதும் அந்தச் சத்தம். எட்டிப் பார்த்தவர்களிடம் கிணறு துப்புரவாக்குகிறோம் என்றேன். எதிர்வீட்டு அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. கதிரையை வெளியே போட்டு உட்கார்ந்து, ஏறி வரும் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பத்து மணிபோல அலவாங்கு 'டொக்' என்று ஒரு வெடிப்புக்குள் போனது. தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. உள்ளே நின்றவர்கள் இடுப்பளவு நனைந்துதான் மேலே வந்தார்கள். நான் கிணற்றுக்கட்டில் நின்று கை தட்டினேன். அப்படி ஒரு தண்ணீரை எங்கள் வளவு கண்டதே இல்லை. கிணறு வெட்டும் அண்ணை மட்டும் விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டு, சாமான்களைக் கட்டினார். கல்லிலிருந்து வந்த புதுத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டு அக்கா ஒரு பேணி தேத்தண்ணியோடு வந்தா.

"தம்பி, இதைக் குடி."

"என்னக்கா விசேஷம்?"

"குடி, சொல்லுறன்."

குடித்தேன். விழுங்குவதா துப்புவதா என்று முகம் முடிவெடுக்க முதலே அக்கா பார்த்துவிட்டா.

"சீனிக்குப் பதிலாய் உப்புப் போட்டனானாம் எண்டு என்ர மனுசன் விடிய வெள்ளன எனக்குப் பேச்சு. முப்பது வருசம் அந்தாளுக்குத் தேத்தண்ணி ஊத்துறன். இண்டைக்குத்தான் பேச்சு வாங்கினனான். கிணத்துக்கு என்ன செய்தனீ?"

"புதுக்கல்லு அக்கா. சுண்ணாம்பு கரையுது. மூண்டு நாளையில தெளிஞ்சிடும்."

"தெளியுமோ?"

"ஓம் ஓம். அதுவரைக்கும் எதிர்வீட்டில அள்ளுங்கோ."

அக்கா பேணியை என் கையிலேயே விட்டுவிட்டுப் போனா. நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுத்தேன். மனைவி வர ஆறு நாள். ஒழுங்கையின் இரண்டு நல்ல கிணறுகளில் ஒன்றை, அதுவும் பெண்டாட்டியின் சீதனக் கிணற்றை, கடலுக்குத் திறந்துவிட்ட மனிதன் இந்தத் தீவில் வேறு யாராவது இருந்திருக்கிறானா என்று யோசித்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. எழுவைதீவுக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். சின்னத் தீவு, வள்ளத்தில் மட்டும்தான் போகலாம், தேடிவருவது கஷ்டம். ஆனால் அங்கேயும் கிணறு இருக்கும், அந்த ஆட்களும் பாவம்.

பயத்தில் ஒரு யோசனை பிறந்தது. என் புத்தியை அளக்க வேறு கருவி வேண்டாம், இதைக் கேட்டால் போதும். அரை மணி நடையில் வயலோரம் ஒரு பொதுக்கிணறு, நல்ல தண்ணீர். ஒரு தள்ளுவண்டிலில் இரண்டு பீப்பாவை ஏற்றிக்கொண்டு, ஊர் மத்தியானச் சாப்பாடு முடிந்து கண்ணயரும் நேரம் பார்த்துப் போனேன். பீப்பாவை நிரப்பினேன். தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கிணற்றுக்குள் ஊற்றினேன். திரும்பப் போனேன். திரும்ப ஊற்றினேன். நல்ல தண்ணீர் மேலே மிதக்கும் என்று கிணறு வெட்டும் அண்ணை சொன்னார் அல்லவா? ஆகவே மேலே மிதக்கட்டும், மனைவி மேல் தண்ணீரைத்தானே அள்ளுவாள் என்பது என் விஞ்ஞானம். நாலு நாள் ஊற்றினேன். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்ப்பேன். கடலுக்கு என் வண்டில் பெரிதாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் ஒழுங்கை முழுவதும் எதிர்வீட்டு அண்ணையின் கிணற்றில் அள்ளியது. அவருடைய வாசலில் குட வரிசை. அவர் அந்த வரிசையைப் பார்த்தார். என் பூட்டிய படலையைப் பார்த்தார். மத்தியானத்தில் நான் பீப்பாவோடு போய் வருவதையும் பார்த்தார். ஒரு வியாபாரியின் தலைக்குள் அது எப்படி விளங்கும்? எனக்குத் தெரியும், அவருடைய இடத்தில் நான் இருந்தால் எப்படி விளங்கியிருக்குமோ அப்படியே. இவன் ஆழமாக்கினான், ஊற்றுக் கண்டுவிட்டான், உப்பு என்று கதை கட்டிவிட்டான், ஒருவருக்கும் காட்டாமல் பூட்டிவைத்துப் பீப்பாவில் எங்கேயோ கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

ஐந்தாம் நாள் கிணறு வெட்டும் அண்ணை என் படலையடியில் சைக்கிளை நிறுத்தினார்.

"நாளைக்கு எதிர்வீட்டில இறங்கச் சொல்லி ஆள் விட்டிருக்கிறார். உங்கடையைவிட ஒரு முழம் கூட ஆழமாம். நான் சொல்லிப் பாத்தனான். 'அவருக்கு வெட்டினனீர், எனக்கு ஏலாதோ' எண்டு கேக்கிறார். நான் மாட்டன் எண்டால் அவர் வேற ஆளைப் பிடிப்பார். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

சொன்னால் என் கிணறு இனித் தெளியாது என்று ஊருக்கே தெரியும். சொல்லாவிட்டால் இன்னும் மூன்று நாளில் ஒழுங்கையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. எனக்கு இதில் பெரிய மனப்போராட்டம் நடந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், ஒரு கிணற்றுக்குப் பெண்டாட்டியிடம் வாங்கப்போகும் பேச்சையே தாங்க ஏலாதவன், இரண்டு கிணற்றுக்கு ஒழுங்கைப் பெண்கள் எல்லாரிடமும் வாங்குவதை நினைத்துப் பார்த்தேன். எழும்பி ஓடினேன்.

"அண்ணை, தோண்டாதையுங்கோ. என்ர கிணறு உப்பாப் போச்சு."

அவர் கதிரையில் இருந்தபடியே சிரித்தார்.

"தம்பி, நானும் கடை வைச்சிருந்தவன்தான். நல்ல சரக்கு வந்தால் நீர் என்னட்டைச் சொல்லுவீரோ?"

"சத்தியமாய் உப்பு அண்ணை."

"அப்ப பீப்பாவில என்னத்தைக் கொண்டு திரியிறீர்?"

"நல்ல தண்ணி."

"எங்க இருந்து?"

"வயல் கிணத்தில இருந்து."

"எங்க கொண்டுபோறீர்?"

"என்ர கிணத்துக்கு."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "பொய் சொல்லுறதெண்டாலும் கொஞ்சம் நம்பக்கூடியதாய்ச் சொல்லும்" என்றார்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வளவுக்கு வந்தேன். குட வரிசையில் நின்ற பெண்களும் பின்னால் வந்தார்கள். வாளியை இறக்கி அள்ளி நீட்டினேன். அவர் குடிக்கவில்லை. மேல் தண்ணீரைக் காட்டி ஏமாற்றுகிறேனாம். வாளியை ஆழமாக இறக்கச் சொன்னார். இறக்கினேன். பெரிய மிடறாக எடுத்தார், வியாபாரி சரக்குப் பார்க்கும் மாதிரி வாய்க்குள் வைத்து உருட்டினார், பிறகு மாமரத்தடியில் போய்த் துப்பினார்.

"எட, உண்மையாத்தான் சொல்லியிருக்கிறான்" என்றார். என் உண்மையைவிட நான் உண்மை சொன்னதுதான் அவருக்கு ஆச்சரியம். "உதை என்னத்துக்குத் தோண்டினனீர்?"

"கப்பலுக்கு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னத்துக்கு?"

"கப்பலுக்குத் தண்ணி குடுக்க."

பக்கத்து வீட்டு அக்கா தொடங்கினா. சிரிக்கத் தொடங்கினா என்று சொல்கிறேன். பேச்சு அதற்குப் பிறகு. ஒழுங்கை முழுவதும் கிணற்றடியில் நின்று சிரித்தது. எதிர்வீட்டு அண்ணைதான் எல்லாரிலும் உரக்கச் சிரித்தார். தன் கிணறு தப்பியதால் அவருக்குச் சிரிப்பு இன்னும் சுகமாக வந்தது. 'கப்பலுக்காம், கப்பலுக்காம்' என்று அக்கா உரக்கச் சொன்ன அந்தச் சிரிப்புக்கு நடுவில் படலை திறந்தது.

என் மனைவி. ஒரு நாள் முந்தி வந்துவிட்டாள். நெற்றியில் குங்குமம், கையில் அருச்சனைத் தட்டு, தோளில் பை. பிறகுதான் தெரிந்தது, லோஞ்சுப் படகில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த மனுசிக்கே கதை தெரிந்திருக்கிறது. நயினாதீவுக்கு அக்காவின் உப்புத் தேத்தண்ணிக் கதை நேற்றே போய்விட்டது.

எல்லாரும் வழி விட்டார்கள். அவள் தட்டைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். வாளியிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். நான் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ" என்றாள். "கப்பல் எப்ப வருகுது?"

"தெரியாது."

"வந்தால் சொல்லுங்கோ, உப்புத் தண்ணிக்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. அவை நிக்கிற இடத்திலயே கிடக்கு."

அவள் உள்ளே போனாள். குசினியில் பாத்திரங்களை வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கிணறு வெட்டும் அண்ணை அடுத்த நாள் வந்தார். வெளியே எடுத்த கல்லையே திரும்ப உள்ளே போட்டு, வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து, மேலே மணல் பரப்பினார். "இனி மழைதான் மருந்து. அதுவரைக்கும் அள்ளாதையுங்கோ. எல்லாரும் எதிர்வீட்டுக் கிணத்திலயே அள்ளினாலும் அதுவும் உப்பாகும். பாதித் தண்ணி வெளியில இருந்துதான் வரவேணும்" என்றார்.

வெளியிலிருந்து யார் கொண்டுவருவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் என் தள்ளுவண்டிலைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் எங்கள் ஒழுங்கையின் முதலாவது தண்ணீர் வழங்கும் திட்டம் தொடங்கியது. காலையில் ஒரு நடை, பின்னேரம் ஒரு நடை. வாசல் வாசலாக நிறுத்தி அளந்து ஊற்றுவேன். "கப்பல் வருகுது" என்று அக்கா குரல் கொடுப்பா, பெண்கள் குடத்தோடு வெளியே வருவார்கள். வண்டிலுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. முதல் மாதம் கடை பூட்டிக் கிடந்தது. பிறகு, தண்ணீரோடு போகும்போது பீப்பாவின் பக்கத்தில் கொஞ்சம் சவர்க்காரமும் தீப்பெட்டியும் சீனியும் தொங்கவிட்டேன். கடைத்தெருவில் ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டிருந்த சாமான் ஒழுங்கைகளில் உண்மையான ஆட்களிடம் விலைப்பட்டது. பெண்களுக்குக் கடைத்தெருவரை நடக்கும் வேலை மிச்சம். ஆவணியில் எதிர்க்கடை அண்ணையும் ஒரு வண்டில் செய்வித்தார். தண்ணீர் இல்லை, சாமான் மட்டும். பிறகு இன்னும் மூன்று பேர். பின்னேரங்களில் நாங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்த்தால் சுவாமி வெளிவீதி வருவதுபோல இருக்கும். மாஸ்டர் தன் வாசலில் நின்று, "உதைத்தான் நான் மனுவில எழுதியிருக்கவேணும்" என்றார். பட்டியலில் தண்ணீர் இன்னும் பதினாலாவதாகத்தான் இருந்தது.

அந்த வருட மாரி மழை போதவில்லை. கிணறு பாதி தெளிந்தது. குளிக்கலாம், குடிக்க ஏலாது. மனைவி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்ப்பாள். நான் வண்டில் பிடியோடு படலையில் நின்று அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் துப்புவாள். நான் வண்டிலைத் தள்ளுவேன்.

அடுத்த வருடம் அந்த ஜீப் திரும்பவும் வந்தது. காற்சட்டைக்காரர்களில் மூத்தவர் என் வண்டிலில் ஒரு சோடா வாங்கிக் குடித்தார். இந்த முறை கேட்டுவிட்டேன்.

"ஐயா, துறைமுகம் எப்ப கட்டத் தொடங்குவியள்?"

"துறைமுகமோ?" அவர் போத்தலை வாயிலிருந்து எடுத்தார். "காரைநகர் லோஞ்சுக்கு ஏறி இறங்கச் சனம் கஷ்டப்படுகுதெண்டு படி கட்ட அளந்தனாங்கள்."

"கடலுக்குள்ள குண்டு விட்டது?"

"கடல் வத்துற நேரத்தில கடைசிப் படி எவ்வளவு கீழ வரவேணும் எண்டு பாக்க."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எதிர்க்கடை அண்ணை தன் வண்டிலின் மேல் சாய்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? சோடாவுக்கு ஜீப் ஐயாவிடம் காசு வாங்க மறந்துபோனேன்.

அந்த மாரி நன்றாகப் பெய்தது. தை பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மனைவி அள்ளிக் குடித்தாள். துப்பவில்லை. இன்னொரு கை அள்ளினாள். பிறகு வாளியைத் திரும்ப இறக்கி, நிரப்பி, பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்து, "அக்கா, குடத்தைக் கொண்டு வாங்கோ" என்று கூப்பிட்டாள். நான் பீப்பா இரண்டையும் வண்டிலிலிருந்து இறக்கி மாமரத்தடியில் கவிழ்த்து வைத்தேன்.

துறைமுகம் வரவில்லை. இறங்குதுறைக்கு மூன்று சீமெந்துப் படி வந்தது. கிணறு இரண்டாவது மாரிக்குப் பிறகு நல்ல தண்ணீராகியது. அதுவரைக்கும் ஒழுங்கைக்கு நான்தான் தண்ணீர் காவினேன்.